போனில் தமிழ் வேண்டாம்

ஹாமில்டன், கனடா
15 ஜூன் 2025

சுடர்விழிக்கு,

நேற்று போனில் உன் இங்கிலீஷைக் கேட்டேன். பி.எஸ்சி. வேதியியல் முடித்தவள் பேசுகிற பேச்சா அது? கும்பகோணத்துக்கு மூன்று வருடம் பஸ்ஸில் போய் வந்தது காற்று வாங்கவா?

செப்டம்பர் ஆறாம் தேதி உனக்கு பிளேஸ்மென்ட் டெஸ்ட். நான் சொன்ன கல்லூரியில் சேரும் வெளிநாட்டுப் பிள்ளைகள் எல்லோரும் எழுதியாக வேண்டும். கேட்பது, படிப்பது, எழுதுவது. கடைசியில் கம்ப்யூட்டர் திரையில் ஓர் அம்மா வந்து உட்காருவார், அவரோடு பேச வேண்டும். மொத்தம் ஆறு லெவல். ஐந்து வந்தால் நேராக லேப் டெக்னீஷியன் கோர்ஸ். அதற்குக் கீழே என்றால் ஒரு வருடம் ஆப்பிள் படம், ஆரஞ்சுப் படம் பார்த்து வெறும் இங்கிலீஷ் படிக்க வேண்டும். அதற்காக உன்னை இங்கே வரவழைக்க மாட்டேன்.

ஆகவே இன்றிலிருந்து போனில் இங்கிலீஷ் மட்டும். தமிழ் வார்த்தை ஒன்று வந்தாலும் கட் செய்துவிடுவேன். வாட்ஸ்அப்பிலும் அப்படித்தான். அப்பா அம்மா ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் உன்னிடம் சொல்லட்டும். நீ எனக்கு இங்கிலீஷில் சொல். நான் இங்கிலீஷில் சொல்லும் பதிலை நீ அவர்களுக்குத் தமிழில் சொல். இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. தமிழில் சொல்லியே ஆக வேண்டும் என்று ஏதாவது இருந்தால் சனிக்கிழமை மெயில் போடு. ஞாயிறு லீவில் படிக்கிறேன்.

கொடுமைக்காரன் என்று நினைப்பாய். நினைத்துக்கொள். தஞ்சாவூரில் நான் இன்ஜினியரிங் சேர்ந்த முதல் வாரமே இதே மாதிரி ஒரு டெஸ்ட் வைத்தார்கள். தமிழ் மீடியத்திலிருந்து வந்த எங்களைத் தனியே ஒரு வகுப்பில் போட்டார்கள். மற்றப் பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் ஜீரோ பேட்ச். "மைசெல்ஃப் நெடுமாறன்" என்று எழுந்து சொன்னேன். நான்கு வருடம் முடியும்வரை என்னை மைசெல்ஃப் என்றுதான் கூப்பிட்டார்கள். அப்போது யாரும் எனக்காகப் பரிதாபப்படவில்லை. அதனால்தான் இங்கே இருக்கிறேன்.

நெடுமாறன்


கீழமருதூர், பாபநாசம் வழி
21 ஜூன் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் சொன்னபடியே செய்கிறேன். ஆனால் புதன்கிழமை நடந்ததைச் சொல்லத்தான் வேண்டும்.

அப்பா வயலிலிருந்து சேறு கழுவாத காலோடு ஓடி வந்தார். "வாய்க்கால் தண்ணி நம்ம வயலுக்கு ஏறிட்டுன்னு அண்ணன்கிட்ட சொல்லும்மா. தெருவுல முத ஆளா நாமதான் நாத்து பறிக்கிறோம்னு சொல்லு" என்றார். நாற்று பறிப்பதற்கு இங்கிலீஷ் தெரியாமல் விழித்தேன். "ஃபாதர் இஸ் புல்லிங் த பேபி பிளான்ட்ஸ்" என்றேன். நீங்கள் "ஒய்?" என்றீர்கள். "டேக் கேர்" என்று வைத்துவிட்டீர்கள்.

"என்னம்மா சொன்னான்?" என்றார் அப்பா.

"ரொம்ப சந்தோசம்னு சொன்னாங்கப்பா."

அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நாற்று பறிப்பது என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியாதா அண்ணா? பள்ளிக்கூட லீவில் அம்மாவோடு போய் நீங்களும் பறித்தவர்தானே?

இன்னொன்று. நீங்கள் ஏன் திடீரென்று தமிழ் பேசுவதில்லை என்று இருவரும் கேட்டார்கள். உங்கள் மகன் உங்களோடு பேச மாட்டேன் என்கிறான் என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது? கம்பெனியில் எல்லாப் போனையும் முதலாளி ஒட்டுக் கேட்கிறார், தமிழில் பேசினால் வேலை போய்விடும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பா, "பாவம், சொந்த வூட்டோட பேசக்கூட புள்ளைக்கு வாய்ப்பூட்டு போட்டுட்டானுங்களே" என்றார். யாராவது கேட்டால் நீங்களும் இதையே சொல்லுங்கள்.

உங்கள் தங்கை
சுடர்


ஹாமில்டன்
6 ஜூலை 2025

சுடர்,

முதலாளி கதை நல்ல கதை. அப்படியே இருக்கட்டும்.

உன் போனை நான் ரெக்கார்ட் செய்து வைத்திருந்தேன், பிறகு உனக்கே போட்டுக் காட்டித் திருத்துவதற்கு. அறையில் கூட இருக்கும் ராம்கி கேட்டான். பேபி பிளான்ட்ஸ் வந்ததும் கட்டிலில் உருண்டு சிரித்தான். இரண்டு நாளாக என்னைப் பார்த்தாலே "ஃபாதர் இஸ் புல்லிங்" என்கிறான். ராம்கி யார் தெரியுமா? சுவாமிமலைப் பக்கம். அவன் தாத்தா வயலில்தான் நம் தாத்தா நாற்று பறித்தார். இங்கே நானும் அவனும் ஒரே அடுப்பில் சமைக்கிறோம், ஒரே வாடகையில் பாதி பாதி. அந்தச் சமநிலையை நான் எப்படிப் பிடித்தேன் என்று எனக்குத்தான் தெரியும். அதை நீ ஒரு வாக்கியத்தில் கவிழ்த்துவிட்டாய்.

இனி வீட்டுக் கதை வேண்டாம். நான் அனுப்பிய புத்தகத்தில் பாடம் பாடமாக இருக்கிறது: ஓட்டலில் புகார் செய்வது, டாக்டரிடம் உடம்பைச் சொல்வது, வாடகை வீடு தேடுவது. போன் செய்ததும் அதிலிருக்கிற மாதிரி முழு வாக்கியமாகச் சொல். தப்பு வந்தால் திரும்பச் சொல்ல வைப்பேன். சரியாக வரும்வரை விடமாட்டேன்.

நெடுமாறன்


கீழமருதூர்
19 ஜூலை 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

என் குரலை வேற்று ஆளுக்குப் போட்டுக் காட்டியிருக்க வேண்டாம். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

தஞ்சாவூரில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கோச்சிங் வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். ஜஸீலா மிஸ் என்று ஒருவர் நடத்துகிறார். நான் தப்பாகச் சொன்னால் அவர் நிறுத்துவதில்லை. முழுதும் கேட்டுவிட்டு, "நீ சொல்ல வந்தது எனக்குப் புரிஞ்சிடுச்சு. இப்ப அதையே எப்படிச் சொல்லலாம்னு பாப்போமா?" என்பார். அங்கே எனக்கு நாக்கு நன்றாகத்தான் வருகிறது. உங்களிடம்தான் வரமாட்டேன் என்கிறது.

சாயங்காலம் நான் உரக்கப் படிக்கும்போது அப்பாவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். அவருக்கும் ஒன்று வந்துவிட்டது. வியாழக்கிழமை என் கையிலிருந்து போனை வாங்கி, "ஹவ் ஆர் யூ நெடு?" என்றாரே, நினைவிருக்கிறதா? நீங்கள் சிரித்துவிட்டு "குட், குட்" என்றீர்கள். அன்றைக்கு டீக்கடையில், வாய்க்கால் கரையில், பார்த்தவர்களிடமெல்லாம் "நான் இங்கிலீசுல கேட்டேன், எம் மவன் இங்கிலீசுல பதில் சொன்னான்" என்று சொல்லித் திரிந்தார். சித்தப்பா மகன் வீரையன் அதைக் கேட்டுவிட்டு என்னிடம் வந்து, "ஒங்க அண்ணனுக்குத் தமிழ் மறந்துட்டா?" என்று கேட்டான். நான் உள்ளே போய்விட்டேன்.

சுடர்


ஹாமில்டன்
27 ஜூலை 2025

சுடர்,

நான் ஆன்லைனில் எழுதச் சொன்ன மாதிரித் தேர்வில் உனக்கு மூன்றாம் லெவல்தான் வந்திருக்கிறது. ஜஸீலா மிஸ் தடவிக் கொடுத்தால் இப்படித்தான் வரும். திரையில் வரும் அம்மா உனக்கு அத்தை இல்லை.

அப்பாவிடம் போனைக் கொடுக்காதே. படிக்கும்போது பக்கத்தில் உட்கார வைக்கவும் வேண்டாம். அவர் உச்சரிப்பு உனக்கு ஒட்டிக்கொள்ளும்.

நெடுமாறன்


கீழமருதூர்
16 ஆகஸ்ட் 2025

அண்ணனுக்கு,

செவ்வாய்க்கிழமை போனில் நான் சொன்னது பாடம் இல்லை.

திங்கட்கிழமை உரம் போட்டுவிட்டு வரும்போது அப்பா வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். வேர்த்துக் கொட்டியது. மறுநாளும் வலித்தது. உங்களைக் கேட்டு என்ன செய்யலாம் என்று முடிவு செய்வோம் என்றுதான் கூப்பிட்டேன். "ஃபாதர் ஹேஸ் பெயினிங்" என்றேன். "ராங். அகெய்ன்" என்றீர்கள். "ஃபாதர் இஸ் பெயின் இன் செஸ்ட்." "அகெய்ன்." "மை ஃபாதர் ஹேவ் செஸ்ட் பெயின்." "ஹேவா? யோசி" என்று இங்கிலீஷில் சொன்னீர்கள். அழுகையை அடக்கிக்கொண்டு ஜஸீலா மிஸ் சொல்லிக்கொடுத்ததை நினைத்து நினைத்து, "மை ஃபாதர் ஹேஸ் ஹேட் செஸ்ட் பெயின் சின்ஸ் மண்டே" என்றேன்.

"பெர்ஃபெக்ட்!" என்றீர்கள். அவ்வளவு சந்தோஷமாக நீங்கள் என்னிடம் பேசியதே இல்லை. "நெக்ஸ்ட் சென்டன்ஸ்" என்றீர்கள். நான் "அண்ணா" என்றேன். கட் ஆகிவிட்டது.

அப்பா ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்கிறார். கதிர் வருகிற நேரமாம், அறுப்பு முடியட்டும் என்கிறார். நாங்கள் சொன்னால் கேட்கவில்லை. நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் உடனே கிளம்பிவிடுவார். ஒரே ஒரு தடவை, தமிழில், அவரிடம் சொல்லுங்கள் அண்ணா. கெஞ்சிக் கேட்கிறேன்.

சுடர்


ஹாமில்டன்
17 ஆகஸ்ட் 2025

சுடர்,

ஒன்பதாம் பாடம், டாக்டரிடம் போவது என்று நினைத்துக்கொண்டேன். அதில் இதே மாதிரி வாக்கியம் இருக்கிறது. நிஜமென்றால் நிஜம் என்று சொல்லத் தெரிய வேண்டாமா? "திஸ் இஸ் நாட் எ லெசன்" என்று ஒரு வாக்கியம், அவ்வளவுதானே. அதைக்கூடச் சொல்ல முடியாதவள் இங்கே வந்து என்ன செய்வாய்?

வாயுவாக இருக்கும். அப்பாவுக்கு எப்போதும் உள்ளதுதான். பாபநாசத்தில் வைத்தியலிங்கம் டாக்டரிடம் காட்டு. இப்போது நான் தமிழில் பேசினால் இரண்டு மாத உழைப்பும் வீண். இன்னும் மூன்று வாரம் பொறுத்துக்கொள். டெஸ்ட் முடிந்ததும் அவரோடு ஒரு நாள் முழுக்கப் பேசுகிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். ஹேஸ் ஹேட் போட்டாய் பார், அது ஐந்தாம் லெவல்.

நெடுமாறன்


ஹாமில்டன்
31 ஆகஸ்ட் 2025

சுடர்,

வீரையன்தான் சொன்னான். எடுத்த எடுப்பில், "ஒங்க அப்பா செத்துட்டாருடா, இதத் தமிழ்லதான் சொல்ல முடியும்" என்றான். அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டான்.

என்னால் வர முடியாது. வேலை பெர்மிட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறேன். இப்போது நாட்டை விட்டு வெளியே போனால் திரும்ப உள்ளே விடுவார்களா என்று தெரியாது. கொள்ளி வைத்தது வீரையன் என்று கேள்விப்பட்டேன். சரி.

புதன்கிழமை நீ கூப்பிட்டபோது நான் ஷிப்டில் இருந்தேன். பேக்கிங் மெஷின் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. அப்பா ஏதோ சொன்னார், விளையாடுகிறார் என்று நினைத்தேன். வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். நீயாவது கத்தியிருக்கலாம். தமிழில் கத்தியிருந்தால்கூட அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். உன் மேல் பழி போடவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

டெஸ்ட்டைத் தள்ளிப்போடாதே. தள்ளினால் ஜனவரி அட்மிஷன் போய்விடும். அப்பா எதற்காகப் பாடுபட்டார் என்று யோசி. துக்க வீட்டில் படிக்க முடியாதென்றால் ஜஸீலா மிஸ் வீட்டில் போய் இரு.

அம்மாவிடம் முதலாளி கதை அப்படியே இருக்கட்டும். இப்போது போய் எதையும் மாற்ற வேண்டாம். அவர்களால் தாங்க முடியாது.

நெடுமாறன்


கீழமருதூர்
13 செப்டம்பர் 2025

நெடுமாறன் அண்ணனுக்கு,

கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் எழுதுகிறேன்.

அந்தப் புதன்கிழமை அப்பாவுக்கு மறுபடியும் நெஞ்சு வலி வந்தது. பாபநாசம் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு உடனே தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டு போகச் சொன்னார்கள். ஆம்புலன்ஸில் நானும் அம்மாவும் இருந்தோம். அய்யம்பேட்டை தாண்டும்போது அப்பா உங்களைக் கூப்பிடச் சொன்னார். கூப்பிட்டேன். "திஸ் இஸ் நாட் எ லெசன்" என்றுதான் தொடங்கினேன். நீங்கள் சொல்லிக்கொடுத்த வாக்கியம். நீங்கள் "வாட்? வாட்?" என்றீர்கள். அதற்குள் அப்பா போனைப் பிடுங்கிக்கொண்டார்.

அவருக்கு எவ்வளவோ சொல்ல இருந்திருக்கும். தமிழில் சொன்னால் உங்கள் வேலை போய்விடும் என்று பயந்தார். தெரிந்த இங்கிலீஷ் ஒன்றுதான். "ஹவ் ஆர் யூ" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் "ஹவ் ஆர் யூ நெடு" என்றார். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். "ஒய் டிட் யூ கிவ் ஹிம் த போன்?" என்றீர்கள். வைத்துவிட்டீர்கள்.

"என்ன சொல்றான்?" என்றார்.

"கெளம்பி வர்றாங்களாம்ப்பா" என்றேன். அது நான் அவருக்குச் செய்த கடைசி மொழிபெயர்ப்பு. சரபோஜி மார்க்கெட் திருப்பத்தில் கண் மூடினார்.

டெஸ்ட் எழுதினேன். தள்ளிப்போடவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் வாசலில் இருக்கும்போதே புடவை மாற்றிக்கொண்டு தஞ்சாவூர் பஸ் ஏறினேன். தெருவில் பேசாத பேச்சில்லை. அம்மாதான், "போ. ஒங்கப்பாரு ஆசப்பட்டது" என்று அனுப்பினாள். திரையில் வந்த அம்மாவுக்கு நரைத்த முடி. உங்கள் குடும்பத்தில் ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். அப்பாவைப் பற்றிச் சொன்னேன். நாற்று பறித்தது, இங்கிலீஷ் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது, ஆம்புலன்ஸ், எல்லாம். பாஸ்ட் டென்ஸில் ஒரு தப்பும் வரவில்லை. நடுவில் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். நேரம் முடிந்த பிறகும் அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

சுடர்விழி


ஹாமில்டன்
21 செப்டம்பர் 2025

அன்புள்ள சுடர்,

ஐந்தாம் லெவல்! கல்லூரியிலிருந்து எனக்கும் நகல் வந்தது. பேசும் பகுதியில் ஆறு. ஆறு! ராம்கியிடம் காட்டினேன். அதில் அவனுக்கே ஐந்துதான் வந்திருந்ததாம். நான் கண்டிப்பாக இல்லாமல் இருந்திருந்தால் இது வந்திருக்குமா, நீயே சொல். இன்றைக்கு உனக்குக் கோபம் இருக்கும். ஐந்து வருடம் கழித்து இதே ஊரில் சொந்தமாகச் சம்பாதித்துக்கொண்டு நிற்கும்போது புரியும்.

உன் மெயிலைப் படித்தேன். அதைப் பற்றிப் பேச வேண்டாம். என்னால் முடியவில்லை.

அம்மாவிடம் பேச வேண்டும். முன்பெல்லாம் உன்னிடமிருந்து போனைப் பிடுங்கியாவது என் குரலைக் கேட்பார்கள். இப்போது நான்கு தடவை கூப்பிட்டுவிட்டேன். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கிறது, பிறகு கட் ஆகிறது. நான் தமிழில்தான் பேசினேன். அம்மா, அம்மா என்று கூப்பிட்டேன். முதலாளி இப்போது அனுமதித்துவிட்டார் என்று சொல்லு. ஏதாவது சொல்லு. விசாவுக்கு வேண்டிய வேலையைத் தொடங்கிவிடு.

உன் அண்ணன்
நெடுமாறன்


கீழமருதூர்
4 அக்டோபர் 2025

நெடுமாறனுக்கு,

கல்லூரிக்கு நான் வரவில்லை என்று எழுதிவிட்டேன். இந்த லெவலை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியும். நீங்கள் அதில் இல்லை.

அம்மா ஏன் பேசவில்லை என்று கேட்டீர்கள்.

அப்பாவின் கருமாதி முடிந்த அன்று சாயங்காலம், வந்த சனமெல்லாம் கலைந்த பிறகு, அம்மா தெருவில் இறங்கினாள். இரண்டு கையிலும் மண்ணை அள்ளினாள். "எம் புள்ளையோட ஒரு வார்த்த பேச வுடாம அந்த மனுசன அனுப்பி வச்சவன் நாசமாப் போவணும். அவன் வெளங்க மாட்டான். அவன் வூட்டுல வெளக்கு எரியாது. பெத்தவ அடிவயிறு எரிஞ்சு சொல்றேன்" என்று உங்கள் முதலாளியைச் சபித்து மண்ணை வாரித் தூற்றினாள். மறுநாளும் தூற்றினாள். தினமும் அந்த நேரத்துக்கு எழுந்து போனாள். வீரையன் பெண்டாட்டி அம்சவல்லி பிடித்து இழுத்தும் நிற்கவில்லை. மண் முழுக்க அவள் தலையிலேயே விழுந்தது.

இல்லாத ஒருவனை எத்தனை நாள் அவள் திட்டுவது? அவள் திட்டு எங்கே போய் விழுகிறதென்று எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அந்தப் பொய் நான் சொன்னது. என் டெஸ்ட் முடிவு வந்த அன்று அவள் மறுபடியும் மண்ணை அள்ளியபோது கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அது மொதலாளி இல்லம்மா."

"பின்ன ஆரு?"

சொன்னேன். ஜூன் மாதத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் மெயில்களைப் படித்தும் காட்டினேன். உச்சரிப்பு ஒட்டிக்கொள்ளும் என்று எழுதியிருந்தீர்களே, அதை இரண்டு தடவை படிக்கச் சொன்னாள்.

அழவில்லை. கையிலிருந்த மண் அப்படியே இருந்தது. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்ப ஒங்கப்பா பேசுனதெல்லாம் அவனுக்கு வெளங்குச்சா?"

"வெளங்குச்சும்மா. எல்லாம் வெளங்குச்சு."

மண்ணைக் கீழே போட்டாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். சபித்ததைத் திரும்ப எடுத்துக்கொள்வாளோ என்று பார்த்தேன். எடுத்துக்கொள்ளவில்லை. உள்ளே போய் உலை வைத்தாள். அதற்குப் பிறகு நீங்கள் கூப்பிட்டபோதெல்லாம் போனை எடுத்தவள் அவள்தான். உங்கள் குரலைக் கொஞ்சம் கேட்டுவிட்டு என்னிடம் நீட்டுவாள், நான் நிறுத்துவேன்.

இன்று சம்பா நடவு முடிந்து வந்ததும் என் பக்கத்தில் உட்கார்ந்து, "அவனுக்கு ஒரு கடுதாசி போடு" என்றாள். அவள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். என் வார்த்தை ஒன்றும் இதில் இல்லை.

"பெர்மிட்டு கெடச்சாலும் சரி, கெடைக்காட்டாலும் சரி, அவன் இங்க வர வேணாம். நான் செத்தாலும் வர வேணாம். கொள்ளி வைக்க வீரையன் இருக்கான். இங்கிலீசுல எழுதாத. தமிழ்லயே எழுது. நல்லா வெளங்கட்டும்."

சுடர்விழி